கழுத்து விடாத கேபிள்

லிஃப்டுக்காரருக்குப் பேச வராது என்று சொன்னால் அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கட்டடங்களில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். லிஃப்டைத் தாங்கும் கம்பிவடம் எந்த இடத்தில் முதலில் தேயும், கதவு ஏன் பாதியில் நின்று யோசிக்கிறது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும். படியேறியே வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று கேட்டவர் நொந்துகொள்ளும்வரை விடமாட்டார். ஆனால் இரும்பும் கம்பியும் இல்லாத விஷயமென்றால் வாயில் பூட்டு விழுந்துவிடும். கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை இருவரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டபோது, மின்விசிறி ஒரு பக்கம் ஆடுகிறது என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் மனைவி காலமெல்லாம் சிரித்தாள்.

அந்த வீட்டில் பேச்சு முழுக்க மனைவியின் இலாகா. ஒரே மகன் தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் பார்சல் வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைப்பான். அவள் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில், "இந்தா, உங்கப்பாவும் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு" என்று போனை நீட்டுவாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேம்பா." "சரி." அவ்வளவுதான், போன் மறுபடி அவளிடம் போய்விடும். அப்பனுக்கும் மகனுக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நடுவில் அவள் இருந்தாள்.

அவள் ஒருநாள் காலையில் துணி காயப்போடும்போது விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும் போனது. காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் மட்டும் தொண்டையிலிருந்து ஒரு கரகரப்புத்தான் வரும். "பழகின குரல் காதுல விழுந்துட்டே இருக்கட்டும். கேக்கக் கேக்க அவங்களே பேச முயற்சி பண்ணுவாங்க. கொஞ்ச மாசத்துக்குள்ள வந்தாத்தான் உண்டு, அப்புறம் கஷ்டம்" என்று டாக்டர் சொன்னார். பழகின குரலென்று அந்த வீட்டில் இருந்தது அவளுடையதுதான். அதை விட்டால் மகனுடையது.

மகன் ஓடி வந்தான். லீவு முடியும்வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு அவன் அழைத்தபோது மச்சினிதான் போனை எடுத்தாள். அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிவிட்டவள், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள். போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் தலையணைமேல் வைத்து, "அம்மாகிட்ட பேசுடா" என்றாள்.

"அம்மா" என்றான் அவன்.

அவள் பதில் சொல்லப் பார்த்தாள். அந்தக் கரகரப்பு எழுந்து, தேய்ந்து, மறுபடி எழுந்தது. மறுமுனையில் அவன் உடைந்து அழுவது கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

அதன்பிறகு சில வாரம் அழைப்பே இல்லை. வந்தபோதும், "எல்லாரும் நல்லா இருக்கீங்களா, சரிப்பா, வெக்கிறேன்" என்று நெருப்பை மிதித்தவன்போல ஓடினான். மச்சினி திட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். "அந்தச் சத்தத்தைக் கேக்க முடியல சித்தி, என்ன பேசறதுன்னும் தெரியல" என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வாய் அப்பனிடமிருந்து வந்தது, அம்மாவிடமிருந்து வந்திருந்தால் பிழைத்திருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் கேபிள் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிறு, கட்டிலருகே ஸ்பீக்கரில், "போன்ல சார்ஜ் இல்லப்பா, கேபிள் போச்சு, வெக்கிறேன்" என்றான். சும்மா ஒரு சாக்காகக்கூட இருந்திருக்கலாம். வேறு அப்பாவாக இருந்தால் சரியென்று விட்டிருப்பார். இவர் காதில் கேபிள் போச்சு என்பது மட்டும்தான் ஏறியது.

"எங்க போச்சு?"

"என்னதுப்பா?"

"கேபிள் எந்த இடத்துல போச்சுன்னு கேக்கறேன். போன் பக்கமா, சார்ஜர் பக்கமா?"

"போன் பக்கம்தான். பிளக்குக்குக் கீழ, கழுத்துல."

"கழுத்துலதான் போகும். நடுவுல என்னிக்குப் போயிருக்கு? எந்தப் பக்கமா மடங்குது?"

மகன் சொன்னான். வேனில் போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிடியில் நிற்கும். சார்ஜர் செருகும் இடம் கியருக்குக் கீழே. ஒவ்வொரு வாசலிலும் போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்க வேண்டும், ஓடிவந்து மறுபடி செருக வேண்டும். கேபிள் கியரில் சிக்கும், முழங்கால் வேறு இடிக்கும்.

"பிடுங்கும்போது பிளக்கப் புடிச்சுப் பிடுங்குறியா, வயரப் புடிச்சா?"

"வயரத்தாம்பா."

"அறிவிருக்கா?"

"அவசரத்துல அறிவெல்லாம் வண்டியிலேயே இருந்துக்குதுப்பா."

சார்ஜ் இல்லையென்ற போனுக்கு எங்கிருந்து உயிர் வந்ததோ, பேச்சு வேனை விட்டுத் தெருவில் இறங்கியது. ஒரு வீட்டு நாய்க்குட்டி வேனுக்குள் ஏறி, பிடுங்கிப் போட்டிருந்த கேபிளைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டதாம். இவன் துரத்திக்கொண்டு உள்ளே போக, நாயைத் திருட வந்தவன் என்று நினைத்து வீட்டுக்காரம்மா துடைப்பத்தைத் தூக்கினாளாம். அவளுக்கு வந்த பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டே தோட்டத்தைச் சுற்றி ஓடினானாம். "அடி வாங்கிட்டுக் கையெழுத்தும் வாங்கிட்டு வந்தேம்பா" என்று சொல்லிச் சிரித்தான்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லிஃப்டுக்காரர் பதறித் திரும்பினார். மனைவியின் வாய் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனை வைத்ததும் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

மறுநாளே முக்குக் கடையில் ஒரு கேபிள் வாங்கி மகனுக்கு அனுப்பினார். கேபிள் கிடைக்காத ஊரா அது என்று மச்சினி கேட்டபோது உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். நல்லவேளையாக அந்தக் கேபிள் சீக்கிரமே செத்தது. அது எப்படிச் செத்தது என்று விசாரிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. அடுத்து ஒரு சுருள் கேபிளை அனுப்பினார். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், கியரில் சிக்காது என்பது அவர் கணக்கு. அந்தச் சுருள் போனையே பிடியிலிருந்து இழுத்து, சிக்னலில் பிரேக்குக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரனடித்துத் திட்டினார்களாம். இவன் குனிந்து போனைத் தேட, வண்டியில் ஆளே இல்லையென்று நினைத்து ஒரு போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினாராம்.

அந்தக் கதையின் நடுவில்தான் கட்டிலிலிருந்து அவள், "டே" என்றாள்.

மகனை அவள் டேய் என்றுதான் கூப்பிடுவாள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மச்சினி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். லிஃப்டுக்காரர் போனைத் தலையணைப் பக்கம் நகர்த்தினார். போனில் கதை பாதியில் நின்றது.

"யாருப்பா அது? அம்மாவா?"

"ம்."

மகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஓடிவிடுவான் என்று இவர் பயந்தார். ஓடவில்லை. "அப்புறம்... அந்தச் சுருள் இருக்கில்ல, அது போய் கியர்ல ரெண்டு சுத்து சுத்திக்கிச்சுப்பா" என்று தடுமாறித் தொடர்ந்தான். பிடித்துக்கொள்ளக் கையில் ஒரு கேபிள் இருந்தால் அவனால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடிந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

கடைசியில் அவன் வேறொன்றும் சொன்னான். அன்றைக்கு வழியில் போன் அணைந்துபோய், விலாசம் தெரியாமல் பாதி பார்சலைத் திருப்பிக்கொண்டு வந்தானாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம்.

அதைக் கேட்டதிலிருந்து லிஃப்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைத்தெருவுக்குப் போக அரைநாள் லீவு சொன்னார். சட்டையை மாட்டும்போது மச்சினி வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"ரொம்ப நல்லதாத் தேடாதீங்க. முக்குக் கடையிலயே இன்னொண்ணு வாங்கி அனுப்புங்க."

"அதான் தாங்கலையே."

"தாங்காததுதான் நமக்கு வேணும். போனாத்தான அவன் பேசறான்? அவன் பேசினாத்தான அக்கா வாயத் தொறக்குது?"

அவர் பொத்தானைப் போடாமல் நின்றார். அவளுக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை தெரியாத மாதிரி இருக்க முடிந்தது.

"தெரிஞ்சே மட்டமானத வாங்கிக் குடுக்கச் சொல்றியா?"

"ஒரு கேபிள்தான மாமா. அறுந்தா லிஃப்டா கீழ விழப்போகுது?"

"அவன் வேலை விழுந்துரும்மா."

அவள் நிலையை விட்டு விலகி வழிவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம், அவர் சொன்னதும் நியாயம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் நல்லது நடந்து யார் பார்த்தது?

கடைத்தெருவில் அன்று அவரைச் சமாளித்தவர்களைக் கேட்க வேண்டும். போன் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு அது. எல்லாக் கடையிலும் கேபிளைக் கேட்டு வாங்கி, பிளக்குக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மடக்கினார், முறுக்கினார், காதருகில் வைத்து இழை நெரிகிறதா என்று கேட்டார். பையிலிருந்து பழந்துணி ஒன்றை எடுத்து, நூல்பின்னல் போட்ட ஒரு கேபிளை அதற்குள் வைத்து உருவினார். கம்பிவடத்தில் இழை அறுந்து விட்டிருந்தால் துணி மாட்டும், அந்தப் பழக்கம். "சார், அது கேபிள் சார், கோழி இல்ல, கழுத்தத் திருகாதீங்க" என்று ஒரு கடைக்காரர் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டார். இன்னொரு கடையில், "வாங்கப்போறீங்களா, கட்டிக்கப்போறீங்களா?" என்றார்கள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. பின்னல் பார்வைக்குத்தான், பளபளப்பும் பார்வைக்குத்தான், கழுத்து விறைப்பாகக் குட்டையாக இருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் மடங்கி ஒரே இடத்தில் போகும் என்று கேட்காத ஆட்களுக்கெல்லாம் விளக்கினார்.

கடைசிக் கடையில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். அவர் திருகுவதை அவள் தடுக்கவில்லை, வேடிக்கை பார்த்தாள். பிறகு அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். பிளக் நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கழுத்து நீளமாக, மேலே தடித்துக் கீழே போகப் போக மெலிந்து, விரல் போன பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தது. அளவும் கச்சிதம். கியரில் சுற்றிக்கொள்ளும் நீளமில்லை, போனைப் பிடித்து இழுக்கிற குட்டையுமில்லை. அவர் வெகுநேரம் அதை மடக்கிப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாள் வரும்மா?"

"நீங்க இருக்கிற வரைக்கும் வரும். அப்புறமும் வரும்" என்றாள் அவள், வியாபாரச் சிரிப்போடு.

பக்கத்தில் முக்குக் கடைச் சரக்கும் ஒன்று கிடந்தது. வெள்ளையாக, வழவழவென்று, ஒரு மாதத்தில் செத்துவிடுகிற முகத்தோடு. அவர் இரண்டையும் இரண்டு கையில் எடுத்தார். மச்சினி சொன்னது நினைவுக்கு வந்தது, கூடவே அந்த டே என்ற சத்தமும். மட்டமான கேபிள் இருந்த கையைக் கொஞ்சம் நீட்டக்கூடச் செய்தார்.

"எதைப் போடட்டுங்க?"

பழுதான வடத்தைத் தெரிந்தே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிய ஆளில்லை அவர். நல்லதைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் அழைத்தான். "சூப்பரா இருக்குப்பா. அசையவே இல்ல."

லிஃப்டுக்காரருக்கு முகமெல்லாம் பூரித்தது. ஒரு நிமிஷம்தான். பிறகு பார்த்தால் யாரும் பேசவில்லை.

"கியர்ல இடிக்குதா?"

"இல்ல."

"கழுத்து சூடாகுதா? கையால தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேம்பா. ஒரு குறையும் இல்ல."

மனைவி கண்ணை போன்மேல் வைத்தபடி காத்திருந்தாள். அவர் மூளையைக் கசக்கினார். "மழை கிழை உண்டா?" "இல்லப்பா." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். சரிப்பா, வெக்கிறேன்."

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளும் அப்படியே. வேன் டயரைப் பற்றிக் கேட்டார். கம்பெனி பார்த்துக்கொள்கிறதாம். பிரேக்கைக் கேட்டார், புது வண்டியாம். அந்த நாய்க்குட்டியைக்கூட விசாரித்தார். அந்தத் தெரு இப்போது வேறொருவனுக்குப் போய்விட்டதாம். மேற்பார்வையாளர் திட்டுவதை நிறுத்திவிட்டாராம், இவன் நல்ல பெயர்கூட வாங்கிவிட்டானாம். பெற்றவர் மகிழவேண்டிய செய்தி, அவரும் மகிழத்தான் செய்தார். ஆனால் கட்டிலில் அந்த டே வாரத்துக்கு வாரம் மெலிந்தது. முதலில் உதடு மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. பார்க்க வந்த டாக்டர், "குரல் கேக்குதா அவங்களுக்கு? வீட்ல யாராச்சும் பேசறீங்களா?" என்று கேட்டார். லிஃப்டுக்காரரும் தினம் கட்டிலருகில் உட்கார்ந்து கம்பிவடத்தைப் பற்றிச் சொல்லித்தான் பார்த்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

"நம்ம வீட்டுக் கேபிள் போச்சுன்னு சொல்லுங்க மாமா" என்றாள் மச்சினி. "என்ன பண்றதுன்னு கேளுங்க. அவன் சொல்லிட்டுப் போகட்டும்."

"அது நல்லாத்தானே இருக்கு."

"அவன் பறந்து வந்தா பாக்கப்போறான்?"

இருக்கிற சாமானை இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் ஒரு மத்தியானம், கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக் கேபிளின் கழுத்தைக் கட்டைவிரலில் வைத்து இப்படியும் அப்படியும் மடக்க ஆரம்பித்தார். போனால்தானே போச்சு என்று சொல்ல முடியும்? மடக்கினார், மடக்கினார், விரல் சிவந்தது. "பரவாயில்லையே, நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று நடுவில் தன்னையறியாமல் பாராட்டவும் செய்தார். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல மச்சினி பார்த்துவிட்டு உள்ளே போனாள். மனைவி மட்டும் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதற்காக அதைச் செய்கிறார் என்று அவளுக்கு நன்றாகப் புரிந்தது. கண்ணோரம் நனைந்து தலையணையில் இறங்கியது. வெயில் சாயும் நேரத்தில் உள்ளே இழை விட்டது. செருகிப் பார்த்தார், சார்ஜ் ஏறவில்லை. அப்படி ஒரு நிம்மதி அவருக்கு.

உடனே அழைத்தார். "நம்ம வீட்டுக் கேபிள் போச்சுப்பா."

"அப்படியா? எங்க போச்சு?"

எங்க போச்சு என்று மகன் வாயால் கேட்டதும் அவர் ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணையருகே வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தலையை லேசாகத் தூக்கியிருந்தாள்.

"கழுத்துலதான். உள்ள இழை விட்டிருக்கு. நான் என்ன பாத்தேன்னா..."

"ஒரு நிமிஷம் இருங்கப்பா." டொக் டொக்கென்று விரல் தட்டுகிற சத்தம் வந்தது. "ஆர்டர் போட்டுட்டேன். எனக்கு ஒண்ணு அனுப்புனீங்கல்ல, அதே கேபிள்தான். நாளைக்கு வீட்டுக்கே வந்துரும்."

"நாளைக்கேவா?"

"ஆமாப்பா. அதுவரைக்கும் இருக்கற சார்ஜ வீணாக்காதீங்க. அம்மாவுக்கு அவசரம்னா போன் வேணும்ல? வெக்கிறேன்."

அக்கறையோடுதான் சொன்னான். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

மறுநாள் முற்பகலில் பார்சல் வந்தது. கொண்டுவந்தவன் வாசலில் நிற்கக்கூட இல்லை, வேனை அணைக்காமலே கொடுத்துவிட்டு ஓடினான். லிஃப்டுக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். கை தானாகக் கேபிளின் கழுத்துக்குப் போனது. செருகினார், சார்ஜ் ஏறியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகன். வேலை நாளில், வேலை நேரத்தில், தானாக.

"வந்துருச்சாப்பா? வந்துருச்சுன்னு எனக்குக் காட்டுது."

"வந்துருச்சு."

"எப்படி இருக்கு? கழுத்தெல்லாம் மடக்கிப் பாத்தீங்களா?"

அவர் ஸ்பீக்கரைப் போட்டார். பின்னால் வண்டிகளின் இரைச்சல், யாரோ கதவைச் சாத்தும் சத்தம். மகன் வேனை ஓரமாக நிறுத்தியிருந்தான். வெக்கிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. "ஏதாச்சும் கோளாறுன்னா சொல்லுங்கப்பா, நான் கொஞ்சம் ஃப்ரீயாத்தான் இருக்கேன்" என்றான். அவன் குரலில் ஓர் ஆவல்கூட இருந்தது.

மனைவி இடது கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மச்சினி சமையலறை வாசலில் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, தலையையும் ஆட்டி, சத்தமில்லாமல் வாயசைத்தாள்: சரியில்லன்னு சொல்லுங்க, சரியில்லன்னு சொல்லுங்க. ஒரு சின்னப் பொய். கழுத்து விறைப்பா இருக்கு, செருகினா ஆடுது, ஏதாவது ஒன்று. சொல்லிவிட்டால் சாயங்காலம்வரை கூடப் பேசலாம். லிஃப்டுக்காரர் வாயைத் திறந்தார். கையிலிருந்த கேபிளைப் பார்த்தார். கழுத்தை இன்னொரு தடவை மடக்கினார். ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றார்.

"நல்லா இருக்கா?"

"ம். நல்ல சாமான்."

"சரிப்பா, அப்ப வெக்கிறேன்."

சட்டையைப் பிடித்திருந்த கை மெல்ல விட்டது.